நல்லையா வீட்டு நாதஸ்வரம்

"என்னங்க, நாதஸ்வரக்காரர் பாதியிலயே எழுந்து போயிட்டாரா? இங்க தவுல் மட்டுந்தான் கேக்குது!" என்று சமையற்கட்டிலிருந்து கத்தினாள் சாரதாம்பாள்.

கூடத்தில் உட்கார்ந்திருந்த நல்லையாவின் காதில் நாதஸ்வரம் தேனாகப் பாய்ந்துகொண்டிருந்தது. நாற்காலியை இரண்டடி தள்ளிப் போட்டால் அவருக்கும் கேட்காது என்பதுதான் சிக்கல்.

மெர்டேக்கா, அதாவது மலாய் நாட்டுச் சுதந்திரம், கிடைத்த மறு வருஷம். காஜா பெராங் வட்டாரத்தில் முதல் ஹை-ஃபை பாட்டுப் பெட்டி தன் வீட்டில்தான் பாட வேண்டும் என்று ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி நல்லையாவுக்கு ஆசை. கடைக்காரனிடம் ஏமாந்துவிடக் கூடாது என்பது அதைவிடப் பெரிய ஆசை. அதனால் ரேடியோக் கடை ஜெயபாலன், சிறியது ஒன்று, பெரியது ஒன்று என்று இரண்டு ஸ்பீக்கர்களை வீட்டிலேயே விட்டுப் போயிருந்தான்.

"தவுல் சத்தம் சாம்பிராணிப் புகை மாதிரி சார், வீடு பூரா பரவும். நாதஸ்வரம் டார்ச் லைட் மாதிரி, நேராத்தான் போகும். பெருசுல மூணு பக்கமும் வாய் இருக்கு, எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும்" என்று சொல்லியும் வைத்திருந்தான்.

பெரியதைத் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று நல்லையா சிறியதைப் போட்டார். பலன், மேலே கண்டபடி.

"பெருசையும் போட்டுத்தான் பாருங்களேம்ப்பா" என்றாள் மகள் கோகிலா. இசைத்தட்டைத் தேர்ந்தெடுத்தவளும் அவள்தான்.

பெரியதைப் போட்டதும் அலமாரியில் பீங்கான் தட்டுகள் ஆட ஆரம்பித்தன.

"சத்தம் சுவத்துல மோதுதுப்பா. ஜன்னல்ல தெருவப் பாக்க வச்சா, எதிர்வீட்டுல பட்டு மெதுவாத் திரும்பி வரும்."

இது நல்லையாவுக்கு விஞ்ஞானமாகப் பட்டது. வைத்தார். நாதஸ்வரம் தெருவில் இறங்கி நடந்தது.

அந்த வட்டாரத்தில் ஸ்பீக்கரில் நாதஸ்வரம் கேட்டால் கல்யாண வீடு என்று அர்த்தம். பத்திரிகைக்கெல்லாம் யாரும் காத்திருப்பதில்லை. எதிர்வீட்டு மருதமுத்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். பின்னால் ஒரு கூட்டம்.

"கோகிலாவுக்குக் கல்யாணமாமே! ஒரு வார்த்த சொல்லலியே கிராணி!"

"ஐயோ, ஸ்பீக்கரச் சோதிச்சுப் பாக்குறேன்யா!"

"ரகசியக் கல்யாணமா? அதுக்கு ஏன்யா ஸ்பீக்கரு?"

நல்லையா ஓடிப்போய் ஸ்பீக்கரைக் கொல்லைப்பக்கம் திருப்பினார். கொல்லைக்குப் பின்னால் கம்போங் செட்டி, மலாய் பேசும் செட்டிகளின் குடியிருப்பு. ஐந்தே நிமிஷத்தில் அங்கே குடியிருக்கும் சீதா, தட்டு நிறையப் பலகாரத்தோடு வந்து நின்றாள். அவளுக்குத் தமிழ் வராது. மாப்பிள்ளை எங்கே என்று மலாயில் கேட்டாள்.

"மாப்பிள்ளையே கிடையாது!" என்று நல்லையாவும் மலாயில் அலறினார்.

சீதாவின் கண் கலங்கிவிட்டது. கோகிலாவைக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை ஓடிவிட்டான் என்ற செய்தி கொல்லை வழியாகப் போய் வாசல் வழியாகத் திரும்பி வந்தது.

பதறிய நல்லையா வயரைப் பிடுங்கினார். பாட்டு சட்டென்று நின்றது.

"பாத்தீங்களா, மேளத்தயே நிறுத்திட்டாங்க! பாவம் அந்தப் பொண்ணு" என்றார் மருதமுத்து.

நல்லையாவுக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. பெட்டி வாங்கப் போய், பெற்ற மகள் பெயரைக் கெடுத்துவிட்டோமே என்று நிஜமாகவே அழுகை வந்தது. கோகிலாவோ தலை சீவிப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். அதிர்ச்சியில் பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று சாரதாம்பாள் விசும்பினாள்.

அப்போது ஜெயபாலன் வந்தான். பட்டு வேட்டியில் வந்தான்.

"வாய்யா! இது உன் ஸ்பீக்கருன்னு எல்லாருக்கும் சொல்லு! கல்யாணமும் இல்ல, கருமாதியும் இல்லன்னு சொல்லு!"

அவன் நெளிந்தான். அவனுக்குப் பின்னால் வந்த அவனுடைய அம்மா, பூவும் பழமும் வைத்த தாம்பாளத்தைச் சாரதாம்பாள் கையில் கொடுத்துவிட்டு மூச்சு வாங்கினாள்.

"உங்களுக்குச் சம்மதம்னா நாதஸ்வரம் எங்க வீடு வரைக்கும் கேக்கும்னு கோகிலா சொல்லி அனுப்பிச்சா, சம்பந்தி, காலையிலேருந்து காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தோம்!"