நாலாம் நம்பர் செட்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தரம் சார் ஒரு முடிவுக்கு வந்தார். ஒன்பது ஐந்துக்கு அதை மனைவியிடம் சொன்னார். நடுவில் இருந்த அந்த ஐந்து நிமிடம்தான் அந்த முடிவு நிம்மதியாக உயிரோடு இருந்த காலம்.

"இனிமே அந்தத் தகர டப்பாவை நான் தொடப்போறதில்லை. புது டிரம் செட் வாங்கப்போறேன். உயர்ந்த ரகம்."

மனைவி முன்னறையில் ஒரு சோபாவைக் குப்புறப் போட்டு அதன் மேல் முழங்காலை ஊன்றியிருந்தாள். வாயில் நாலு ஆணி. "ம்" என்றாள். ஆணியோடு அவள் சொல்லும் "ம்"முக்குப் பதினாறு அர்த்தம் உண்டு. கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் தரம் சார் கண்டுபிடித்தது இரண்டு.

டைல்ஸ் தொழிற்சாலையில் தரம் பார்ப்பது அவர் வேலை. வரிசையாக வரும் டைல்ஸை விரல் முட்டியால் ஒரு தட்டு. 'டிங்' என்றால் தேறியது. 'டொக்' என்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே இருக்கிறது, ஒதுக்கிவிடலாம். தேறியதன் முதுகில் 'தரம் சரி' என்று ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவார். இருபது வருஷமாக ஒட்டி ஒட்டி அம்மா அப்பா வைத்த பெயர் போய் அந்தப் பெயர் நின்றுவிட்டது. வீட்டிலும் அந்தக் கை சும்மா இருக்காது. சாப்பிடும் தட்டைத் தட்டுவார், தண்ணீர்த் தொட்டியைத் தட்டுவார். ஒரு முறை மாமனாரின் முதுகை அன்போடு தட்டியவர், தட்டிய கையோடு, "எதுக்கும் டாக்டரைப் பாருங்க மாமா" என்று சொல்லிவிட்டார். மாமனார் இன்றைக்கும் அவருக்கு முதுகைக் காட்டி உட்காருவதில்லை.

சனிக்கிழமை மாலை தொழிற்சாலைக் கிடங்கில் அவருக்கு ஒரு கச்சேரிக் குழு உண்டு. கணக்காளர் கிட்டார். பேக்கிங் மேற்பார்வையாளர் பாட்டு. தரம் சார் டிரம்ஸ். வாரத்தில் அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் மற்ற நாட்களை அவர் தள்ளிக்கொண்டிருந்தார். நேற்று அதற்கும் வந்தது வினை. பாட்டின் நடுவில் கணக்காளர் கிட்டாரைக் கீழே வைத்தார்.

"தப்பா நினைக்காதீங்க சார். உங்க டிரம்ஸ் அட்டைப்பெட்டியைத் தட்டற மாதிரி இருக்கு. ஆண்டு விழாவுக்கு என் மச்சானைக் கூப்பிடலாமான்னு பாக்கறேன். அவன்கிட்ட நல்ல செட் இருக்கு."

ஆண்டு விழாவுக்கு ஐந்து வாரம் இருந்தது. தரம் சார் இரவெல்லாம் கூரையைப் பார்த்தார். மச்சானுக்கு இடம் கொடுத்தால் மடத்தையே பிடுங்குவான் என்பது அவருக்குத் தெரியாதா?

மனைவி ஆணிகளை உள்ளங்கையில் துப்பினாள். "செட்டுல குறையா, கையில குறையா?"

"கையில என்ன குறை?"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"என் காதைப் பத்தி ஊருக்கே தெரியும்!"

"நான் கையைப் பத்திக் கேட்டேன்."

"பதினோரு வருஷப் பழசு அது. தட்டினா தொப்புனு விழுது சத்தம்."

"இந்த சோபா பதினெட்டு வருஷப் பழசு. வியாழக்கிழமை பாக்கறவங்க புதுசுன்னுதான் சொல்வாங்க."

"சோபாவும் டிரம்ஸும் ஒண்ணா?"

"ரெண்டும் கட்டை. மேல ஒரு தோல். வேற என்ன?"

பழைய சோபாக்களுக்குப் புது உறை போடுவது அவள் தொழில். அவளுக்கும் ஓர் ஆசை இருந்தது. அவளிடம் இருந்த தையல் மெஷின் தோலை நாலு மடிப்பாகக் கண்டால் ஊசியை உடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். கனத்த தோலைத் தைக்கும் மெஷின் வேண்டும் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்கு வருஷத்துக்கு ஒரு பெரிய சாமான்தான் தாங்கும். இந்த வருஷம் அது மெஷினா டிரம்ஸா என்பதுதான் வழக்கு.

"சரி" என்றாள் மனைவி திடீரென்று. "உங்க காது பெரிய காதுதானே? அடுத்த ஞாயிறு கடைக்குப் போவோம். உங்க கண்ணைக் கட்டிடறேன். அஞ்சு செட்டு வாசிக்கச் சொல்வோம். அதுல நம்ம பழசும் ஒண்ணு. நீங்க எதை ஒசத்தின்னு சொல்றீங்களோ அது வீட்டுக்கு வரும். அதுக்கு மேல நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். நீங்களும் பேசக்கூடாது."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. பால் யார் வைத்தது என்று தரம் சார் யோசிக்கவில்லை.

புதன்கிழமை வேலை முடிந்ததும் நேரே இசைக்கருவிக் கடைக்குப் போனார். தன் காதின் மேல் அவருக்கு நூற்றுக்குத் தொண்ணூறு நம்பிக்கை. மீதிப் பத்துக்குத்தான் இந்த நடை.

"ஞாயிற்றுக்கிழமை நீங்கதானே வாசிப்பீங்க? இருக்கறதுலயே ஒசந்த செட்டுக்கு வரும்போது லேசா ஒரு இருமல். போதும்."

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க காதுக்கு இது தேவையா சார்?"

"காதுக்குத் தேவையில்லை. காரியத்துக்குத் தேவை."

"சரி சார். இருமிடறேன்."

பேசும்போது தரம் சார் உட்கார்ந்திருந்த ஸ்டூலின் மெத்தையில் சிவப்பு நூலில் இரட்டைத் தையல் ஓடியது. அதே தையல் அவர் வீட்டு முன்னறையில் தினமும் ஓடிக்கொண்டிருப்பது. ஆனால் தரம் சார் எதையும் தட்டிப் பார்ப்பாரே ஒழிய உற்றுப் பார்க்கமாட்டார்.

வெள்ளிக்கிழமை மனைவி, "பழைய செட்டை நானே சோபா வண்டியில ஏத்தி அனுப்பிடறேன். உங்களுக்கு எதுக்கு இடுப்பு வலி?" என்றாள். இப்படி ஒரு மனைவி கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று அவர் மனதார நினைத்தார். குழுவுக்கு, "இந்தச் சனிக்கிழமை நான் வரலை. அடுத்த வாரம் புது செட்டோட வரேன்" என்று தகவல் அனுப்பினார்.

ஞாயிறன்று கடையில் அவள் கட்டிய கண்கட்டு சாதாரணக் கண்கட்டு இல்லை. கறுப்பு வெல்வெட்டில், உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தது. இமையைத் திறந்தாலும் இருட்டு.

"ஒண்ணு" என்றார் கடைக்காரர். வாசித்தார். இருமல் இல்லை. தரம் சார் உதட்டைப் பிதுக்கினார்.

"ரெண்டு." சத்தம் வந்ததும் அவர் முதுகுத்தண்டு நிமிர்ந்தது. ஒவ்வொரு அடியும் தனித்தனியாக எழுந்து, தனித்தனியாக அடங்கியது. விரல்கள் அவரைக் கேட்காமலே முழங்காலில் தாளம் போட்டன. நல்ல டைல்ஸின் 'டிங்' இதுதான் என்று காது சொன்னது. அவர் இருமலுக்குக் காத்திருந்தார். வரவில்லை. காதைப் பேசாமல் இரு என்று அதட்டினார்.

"மூணு." ஒன்றுமில்லை.

"நாலு." கடைக்காரர் இரண்டு அடி அடித்தார். பிறகு இருமினார். எங்கே காதில் விழவில்லையோ என்று இன்னும் இரண்டு முறை இருமினார். கடைசியில் காசநோய்க்காரர் மாதிரி குலுங்கிக் குலுங்கி இருமினார்.

தரம் சார் கையை உயர்த்தினார். "நிறுத்துங்க. அஞ்சாவது வேண்டாம்."

"கேட்டுட்டுத்தான் சொல்லுங்களேன்" என்றாள் மனைவி.

"எதுக்கும்மா? இதுதான் மரம். காடே எழுந்து வந்து பேசற மாதிரி இல்ல? ஆழத்தைக் கவனிச்சியா? இந்தத் தரத்தை எங்க தொழிற்சாலையில பாத்திருந்தா கண்ணை மூடிட்டு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பேன்."

"மத்த மூணும்?"

"அதெல்லாம் தகரம். ரெண்டாவது இருக்கே, சுத்தத் தகரம்."

"நிச்சயமா?"

"இருபது வருஷ அனுபவம்."

மனைவி கண்கட்டை அவிழ்த்தாள். நாலாம் இடத்தில் ஒரு டிரம் செட் இருந்தது. புதுத் தோல் வெள்ளை வெளேரென்று இறுக்கமாக மின்னியது. தோலுக்குக் கீழே, பெரிய டிரம்மின் விலாவில், பதினோரு வருஷத்துக்கு முன் அவர் கையாலேயே ஒட்டிய பச்சை ஸ்டிக்கர். 'தரம் சரி.'

கடைக்காரருக்கு இருமல் அடியோடு நின்றுவிட்டது.

வீடு திரும்பும் வழியில் இரண்டு தெரு வரைக்கும் தரம் சார் ஒப்பந்தத்தைக் காப்பாற்றினார். மூன்றாவது தெருவில் தாங்கவில்லை.

"எப்படி இது?"

"தோல் கிழிஞ்சு தொங்கிப்போச்சு. பதினோரு வருஷமா ஒரு தடவையாவது மாத்தினீங்களா? புதுத் தோல் போட்டு, சுத்தி சுத்தித் திருகி, சுருதி வைக்கக் கடைக்காரர்கிட்ட சொன்னேன். சோபாவுக்குப் பண்றதுதான்."

"அந்த ஆள் என்கிட்ட சரின்னானே!"

"எட்டு வருஷமா அந்தக் கடை ஸ்டூலுக்கெல்லாம் மெத்தை தைக்கறது யாரு? நீங்க தெருமுனை திரும்பறதுக்குள்ள எனக்கு போன் வந்துடுச்சு. நான் இருமலை நிறுத்தச் சொல்லலை. இருமற இடத்தை மட்டும் மாத்தச் சொன்னேன்."

"இது அநியாயம்."

"ரெண்டாவது வாசிக்கும்போது உங்க விரல் முழங்கால்மேல தாளம் போட்டுச்சு. பாத்துக்கிட்டேதான் இருந்தேன். கடையிலேயே ஒசத்தி அதுதான். அதைக் கை காட்டியிருந்தா அங்கேயே வாங்கியிருப்பேன். மெஷின் இன்னும் ஒரு வருஷம் போகட்டும்னு நினைச்சுதான் வந்தேன். நீங்க காதை நம்பலையே, இருமலை இல்ல நம்பினீங்க."

தரம் சாருக்கு உண்மையாகவே வலித்தது. டிரம்ஸ் போனதைவிட, காது சரியாகச் சொன்னதுதான் அதிகமாக வலித்தது.

அடுத்த சனிக்கிழமை கிடங்கில் அவர் செட்டை விரித்தார். பாதிப் பாட்டில் கணக்காளர் கிட்டாரை நிறுத்தினார். தரம் சாரின் குச்சிகளும் அந்தரத்தில் நின்றன.

"சார், புது செட்டா? சத்தமே வேற! மச்சான் வேண்டாம்னு சொல்லிடறேன்."

ஸ்டிக்கர் இருந்த பக்கம் முழங்காலைச் சாய்த்து மறைத்துக்கொண்டு, "உயர்ந்த ரகம்" என்றார் தரம் சார். அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒப்பந்தம் அப்படி.

ஞாயிற்றுக்கிழமை மனைவி அவரை மெஷின் கடைக்கு அழைத்துப் போனாள். மூன்று மெஷின்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் தடித்த தோலை நாலாய் மடித்து ஓட்டினாள். "நல்லாக் கேட்டுச் சொல்லுங்க. உங்க காது நல்ல காது" என்றாள். கேலி இல்லை, நிஜமாகவே சொன்னாள். தரம் சாரும் நிஜமாகவே கேட்டார். முதல் மெஷினில் எங்கோ ஒரு 'டொக்' இருந்தது. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவது ஓட ஆரம்பித்தபோது பஞ்சுத் தூசி கிளம்பி அவர் தொண்டைக்குள் போனது. கண்ணில் நீர் கட்ட, வாய்க்கு அருகே கையைக் கொண்டுபோனார்.

மனைவி ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"இருமாதீங்க. நான் இன்னும் முடிவு பண்ணலை."