நிற்பாட்டப்படுவர்

அறுநூறு பேரின் வேலையை ஒரே ஒரு சொல்லால் பறித்த மடையன் நான்தான். பறித்த சங்கதி எனக்கே இரண்டு நாள் தெரியாது.

புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு பெரிய குளக்கட்டு வேலை. கொழும்புக் கம்பெனி ஒன்று எடுத்திருந்தது. நான் அங்கே எழுத்து வேலை பார்த்த கிளாக்கர். வயது இருபத்திரண்டு, எனக்கிருந்த தமிழறிவு இருநூறு வயதுக்குக் காணும் (என்று நான்தான் நினைத்தேன்). மழை தொடங்கமுன் கட்டின் உடைப்பை மூடாவிட்டால், போட்ட மண்ணெல்லாம் வெள்ளத்தோடு போகும்.

அந்த அவசரத்துக்குள் இஞ்சினியர் ஐயா இங்கிலிசில் ஓர் அறிவித்தல் தந்தார். திங்கள் காலை வாசலில் ஆட்களை மறித்து, பழைய இலக்கத் தகட்டை வாங்கிப் புதியதைக் கொடுக்கவேண்டும். அவ்வளவுதான். நான் எழுதினேன்: 'சகல தொழிலாளரும் வாசலில் நிற்பாட்டப்படுவர். தகடுகள் மீளப்பெறப்படும்.' தலைப்பையும் என் கையெழுத்தையும் பெரிதாகப் போட்டதில், புதுத்தகடு பற்றிய வரிக்குத் தாளில் இடமில்லை. அந்தத் தாளை வாசலில் ஒட்டி, மிச்சத்தை மற்றத் தாளில் எழுதி ஒட்டலாமென்று விட்டேன். ஒட்ட மறந்துபோனேன்.

எங்கள் பக்கத்தில் பஸ்ஸை நிற்பாட்டினால் பஸ் நிற்கும். ஆளை நிற்பாட்டினால் வேலை போச்சு.

சனி மத்தியானம் யாரோ ஒருவர் அதை எழுத்துக்கூட்டி வாசித்தாராம். பின்னேரம் நான் சைக்கிளில் தர்மபுரத்து மாமி வீட்டுக்குப் போய்ச் சேர, செய்தி எனக்கு முன்னமே அங்கே இருந்தது. "உன்னையும் நிப்பாட்டிப் போட்டாங்களோ?" என்று மாமி கவலையோடு கேட்டா. ஏதோ பகிடி என்று நினைத்துச் சோறு தின்றேன்.

திங்கட்கிழமை இரண்டு மைல் குளக்கட்டில் ஒரு சனமில்லை. மண்வெட்டிகள் மட்டும் அடுக்கினபடி கிடந்தன. விஷயம் விளங்கியதும், இன்னும் பெரிய எழுத்தில் வேறொரு அறிவித்தல் எழுதட்டுமா என்று கேட்டேன். இஞ்சினியர் ஐயா என்னைப் பார்த்த பார்வைக்கு இங்கிலிசிலும் சொல் இல்லை.

அந்த நேரம் வேலையாட்களுக்குத் தண்ணீர் வார்க்கிற பார்வதியக்கா வந்தா. வேலைக்கில்லை, கம்பெனி வாளியைத் திருப்பிக் கொடுக்க. ஐயா தானே அவவுக்கு நடந்ததைச் சொன்னார். முழுக்கக் கேட்டா. வாளியை வைத்துவிட்டு றோட்டுக்குப் போனா. முதலில் வந்த மாட்டு வண்டில்காரரிடம் இரண்டு வார்த்தை, பிறகு கிளிநொச்சி பஸ் கொண்டக்டரிடம் இரண்டு வார்த்தை. அவ்வளவுதான்.

பின்னேரம் காட்டுப் பாதைகளால் சனம் வரத் தொடங்கியது. கூடையோடு, பிள்ளையோடு, சிரிப்போடு. வாயைப் பிளந்தபடி நின்றேன். தந்திக் கம்பியும் இல்லை, கடதாசியும் இல்லை, அறுநூறு பேர். இன்றைக்கும் அதை நினைத்தால் மயிர் கூச்செறிகிறது. உடைப்பை மூடி மூன்றாம் நாள் மழை பிடித்தது.

என்னை நிற்பாட்டவில்லை. ஆனால் இனி எதை ஒட்டினாலும் முதலில் பார்வதியக்காவுக்கு வாசித்துக் காட்டவேண்டும் என்று உத்தரவு. அடுத்த அறிவித்தலை ஒரு பக்கத்துக்கு நீட்டி, மேடைக் குரலில் வாசித்து முடித்து, "எப்பிடியக்கா?" என்றேன்.

"இதில எங்களுக்குச் சொல்லுறது எது, கிளாக்கர்?"