எகோன் தேர்ந்தெடுத்த டயர்கள்

ரோஸ்விட்டாவைக் கடைசியாக உயிரோடு பார்த்த அன்று, எகோன் ஒரு பூந்தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். படுக்கையில் சாய்ந்திருந்த அவர் மனைவி அந்தத் தொட்டியை ஏற இறங்கப் பார்த்தாள்.

“தொட்டியோடவா கொண்டு வந்திருக்கே?”

“ஏன், பூ நல்லா இல்லையா?”

“ஆஸ்பத்திரிக்கு வெட்டின பூதான் கொண்டு வரணும். தொட்டிச் செடி கொண்டு வந்தா, நீயும் இங்கேயே வேர் விட்டுக் கிடன்னு அர்த்தம். இது தெரியாத ஆள் இந்த ஜில்லாவிலேயே நீ ஒருத்தன்தான்.”

“கடைக்காரிதான் நல்லா இருக்கும்னு சொன்னா.”

“வாங்கறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

எகோன் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினார். மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர்களுடைய முப்பத்தோரு வருஷ இல்லறம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நின்றது. சுவருக்கு என்ன வண்ணம், விடுமுறைக்கு எந்த ஏரி, எகோனுக்கு மீசை உண்டா இல்லையா என்று எல்லாவற்றையும் ரோஸ்விட்டாவே முடிவு செய்தாள். மீசை இல்லை. காரும் அவள் முடிவுதான். எகோன் ஆசைப்பட்டது பின்பக்கம் நீளமான, நான்கு மூட்டை உருளைக்கிழங்கு ஏற்றக்கூடிய ஒரு சாதுவான கார். “ஐம்பது வயசுல பிணவண்டி மாதிரி ஒண்ணு வாங்கணுமா?” என்று ரோஸ்விட்டா கேட்டாள். ஆகவே இரண்டே பேர் உட்காரும் கரும்பச்சை ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரையும் எகோன், தினமும் காலையில் தம்மையே ஒரு வரைபடம்போல நாலாக மடித்து அதற்குள் செருகிக்கொண்டு லார் ஊரிலிருந்து ஒஃபன்பூர்குக்குப் போனார். சாயங்காலம் பிரித்தெடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

ஆனால் டயர்? டயர் அவர் முடிவு. அப்படித்தான் அவர் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தார்.

கார் வந்த அந்த வருஷம் மார்ச் மாதம். அக்டோபர் வந்தால் பனிக்கால டயர், ஈஸ்டர் வந்தால் கோடை டயர் என்று ஊரே மாற்றும். எகோனிடம் கோடை டயர் இன்னும் இல்லை. இந்த ஒரு விஷயத்தையாவது யாரையும் கேட்காமல் தாமே தீர்மானிப்பது என்று அவர் முகம் மழிக்கும்போது கண்ணாடியைப் பார்த்துச் சபதம் எடுத்தார். கண்ணாடி எதிர்க்கவில்லை. அதுவே பெரிய ஊக்கமாக இருந்தது.

குளியலறையில் ஒரு கார் பத்திரிகை கிடந்தது. டயர் பரீட்சை என்ற பக்கத்தில் திறந்தே கிடந்தது. பள்ளிக்கூடத்தில் போலவே டயர்களுக்கும் ஒன்றிலிருந்து ஆறுவரை மதிப்பெண் போட்டிருந்தார்கள். ஒன்று என்றால் முதல் தரம், ஆறு என்றால் தோல்வி. ஒரு டயரைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் பெரிய வட்டம். சத்தம் போடாது, மெத்தென்று போகும், ஐந்து வருஷம் உழைக்கும். இன்னொன்றின் மேல் அதே சிவப்புப் பென்சிலால் இரண்டு குறுக்குக் கோடுகள். அதுதான் பந்தயக்கார டயர். மென்மையான ரப்பர். வெயில் ஏறினால் சாலையை உடும்பாய்ப் பிடிக்கும். வளைவுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, உழைப்புக்கு ஐந்து.

எகோன் பத்திரிகையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

“இது யார் கோடு போட்டது?”

“நான்தான்,” என்றாள் ரோஸ்விட்டா, மாவு பிசைந்துகொண்டே. “வட்டம் போட்டதை வாங்கு. சனிக்கிழமை நான் கெர்லிண்டே வீட்டுக்குக் கேக் எடுத்துட்டுப் போறேன். கேக் குலுங்கக் கூடாது.”

கெர்லிண்டே அவள் அக்கா. கருங்காட்டு மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். சனிக்கிழமை மதியம் எகோனுக்குப் பாடகர் சங்கத்தில் ஒத்திகை. சங்கம் தெருக்கோடியில்தான் இருந்தது. நடந்தே போய்விடுவார். கார் கேக்கோடு மலை ஏறும்.

“கோடு போட்டிருக்கியே, இதுக்கு என்ன குறை?”

“அதா?” ரோஸ்விட்டா சிரித்தாள். “அதெல்லாம் ஓட்டத் தெரிஞ்சவங்க போடற டயர், எகோன். உனக்கு எதுக்கு? நீ போற வேகத்துக்கு டிராக்டர் சக்கரமே அதிகம்.”

“நான் மெதுவா போறேன்னு யார் சொன்னது?”

“போன வாரம் உன்னை ஒரு கன்னியாஸ்திரீ முந்திப் போனாங்களாம்.”

“அவங்க அவசரமா போனாங்க.”

“சைக்கிள்ல.”

எகோனின் காது சிவந்தது. மறுநாளே ஆபீசிலிருந்து நேராக டயர்க் கடைக்குப் போனார். கடைக்காரர் ஓபர்லே கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“எது போடலாம் சார்?”

எகோன் குறுக்குக் கோடு போட்ட டயரைத் தொட்டுக் காட்டினார்.

“இதா? சார் மலைப்பக்கம் நிறைய போவீங்களா?”

“ஆபீசுக்குப் போவேன்.”

“ஒஃபன்பூர்குக்கா? அந்த ரோட்டுல வளைவே கிடையாதே. ஸ்கேல் வெச்சு இழுத்த மாதிரி இருக்கும்.”

“ரவுண்டானா ஒண்ணு இருக்கு,” என்றார் எகோன் கௌரவமாக.

ஓபர்லே ஒரு கணம் யோசித்தார். “வீட்டம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டீங்களா?”

“என் காருக்கு நான்தான் முடிவு பண்ணுவேன்.”

அந்த வாக்கியம் வெளியே வந்ததும் எகோனுக்கே கொஞ்சம் தலை சுற்றியது.

அன்று சாயங்காலம் புயலை எதிர்பார்த்துத்தான் வீட்டுக்குள் நுழைந்தார். சண்டைக்கு ஏழு வாதங்கள் தயாராக இருந்தன. ரோஸ்விட்டா ஜன்னல் வழியாக டயர்களைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். “சரி போ. ஒரு தடவை உன் இஷ்டம்தான் நடக்கட்டுமே,” என்றாள். அவ்வளவுதான். அன்று இரவுச் சாப்பாட்டில் எகோனுக்குப் பெரிய துண்டு இறைச்சி விழுந்தது. இவ்வளவு சுலபமாக வென்றவன் கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எகோனுக்கு வென்று பழக்கமில்லை. அதனால் சந்தேகப்படத் தெரியவில்லை.

கோடை முடிந்தது. அக்டோபரில் ஓபர்லே சக்கரங்களைக் கழற்றி, டயர் பட்டனின், அதாவது மேல்பரப்பிலுள்ள வரிப்பள்ளங்களின், ஆழத்தை அளக்கும் சின்னக் கருவியை வைத்துப் பார்த்தார். இன்னொரு முறை வைத்தார். பிறகு குனிந்து டயரின் வெளி விளிம்பைக் கையால் தடவினார்.

“சார், புதுசுல எட்டு மில்லிமீட்டர். இப்ப மூணு.”

எகோன் கொதித்துப் போனார். ஒரே கோடையில் ஐந்து மில்லிமீட்டரா! இது கம்பெனியின் மோசடி, கடிதம் எழுதுகிறேன், வக்கீலை வைக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் ஓபர்லே நிமிர்ந்து, இதுவரை யாரும் எகோனைப் பார்க்காத ஒரு பார்வை பார்த்தார். அதில் மரியாதை இருந்தது.

“வெளி விளிம்பு எப்படித் தேஞ்சிருக்கு பாருங்க. வளைவுல வேகம் குறைக்காம விட்டாத்தான் இப்படி வரும். முப்பது வருஷமா டயர் பாக்கறேன் சார். ஆளைப் பார்த்தா சாதுவா இருக்கீங்க. உள்ளே பெரிய ஆளா இருப்பீங்க போலிருக்கே!”

எகோன் வாயை மூடிக்கொண்டார். சற்று நேரம் கழித்து, தணிந்த குரலில், “எப்படித் தேஞ்சிருக்குன்னு சொன்னீங்க?” என்று கேட்டார். ஓபர்லே மறுபடி சொன்னார். கேட்கக் கேட்க இனித்தது.

வழியெல்லாம் யோசித்தார். ரவுண்டானாதான்! அதில் தினமும் இரண்டு முறை திரும்புகிறார். தனக்கே தெரியாமல் தன்னுள் ஒரு பந்தயக்காரன் ஒளிந்திருக்கிறான்! வீட்டுக்கு வந்ததும் ரோஸ்விட்டாவிடம் சொன்னார்.

“எனக்கு எப்பவோ தெரியும்,” என்றாள் அவள், உருளைக்கிழங்கிலிருந்து கண்ணை எடுக்காமல். “உன் வேகத்தை நினைச்சா எனக்குத் தூக்கமே வர்றதில்லை. கொஞ்சம் பார்த்துப் போ எகோன்.”

அந்த வாரமே பாடகர் சங்கம் முழுக்கச் செய்தி பரவியது. எகோனே நான்கு பேரிடம் சொல்லிப் பரப்பினார். வார நாட்களில் மழை பெய்தால், அவர் காரிலுள்ள அந்த ஒரு காலி இடத்துக்கு முன்பு சங்கத்து ஆட்களிடையே போட்டி இருக்கும். இப்போது, “பரவாயில்லை, நடந்தே போறோம்,” என்று எல்லோரும் நனைந்துகொண்டு போனார்கள். எகோனுக்கு ஏற்பட்ட பெருமை சொல்லி முடியாது. அதே சமயம் தம் திறமையைக் கண்டு அவருக்கே பயம் வந்துவிட்டது. நூறில் போகக்கூடிய சாலையில் அறுபதுக்கு மேல் போவதை நிறுத்தினார். ரவுண்டானாவில் மூச்சை அடக்கிக்கொண்டு, இருக்கிற கடவுளை எல்லாம் கூப்பிட்டபடி திரும்பினார்.

டயரோ அடுத்த கோடையிலும் தேய்ந்தது. மூன்றாம் கோடையிலும் தேய்ந்தது. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் ரோஸ்விட்டா, “இந்தத் தடவையாவது அந்தப் பேய் டயர் வேண்டாம்,” என்பாள். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் எகோன் அவளை வென்றார்.

நான்காம் வருஷம் ஏப்ரலில் ரோஸ்விட்டாவுக்கு இடுப்பு மூட்டு அறுவை. புது மூட்டு வைத்தார்கள். பிறகு ஊன்றுகோல், பயிற்சி, ஓய்வு. கோடை முழுக்க அவள் காரைத் தொடவில்லை. கெர்லிண்டேதான் பஸ் பிடித்துத் தங்கையைப் பார்க்க வந்து போனாள்.

அக்டோபரில் ஓபர்லே கருவியை வைத்தார். எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.

“ஏழேகால்,” என்றார். குரலில் ஏமாற்றம். “என்ன சார், இந்த வருஷம் உடம்புக்கு முடியலையா?”

“எனக்கென்ன? கல்லு மாதிரி இருக்கேன். தினமும் ஓட்டினேனே.”

“தினமுமா?”

“ஒரு நாள் விடாம. வீட்டுலதான் அவளுக்கு இடுப்பு ஆபரேஷன். பாவம், கோடை பூரா வண்டியே எடுக்கல.”

ஓபர்லே எகோனைப் பார்த்தார். டயரைப் பார்த்தார். பிறகு சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பி இருமத் தொடங்கினார். அந்த இருமல் நெடுநேரம் நிற்கவில்லை. தோள்கள் குலுங்கின. அது இருமல் இல்லை என்று எகோனுக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. மற்றது புரிய இன்னொரு நிமிஷம்.

வீட்டில் ரோஸ்விட்டா ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு பிளம் பழத்துக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். எகோன் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

“கெர்லிண்டே வீட்டுக்குப் போற வழியில எத்தனை வளைவு?”

“எழுபத்திரண்டு,” என்றாள் அவள் உடனே.

“எவ்வளவு நேரம் ஆகும்?”

கத்தி ஒரு கணம் நின்றது. ரோஸ்விட்டா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். இனி மறைத்துப் பயனில்லை என்று தெரிந்துகொண்டாள்.

“போக முப்பத்தெட்டு நிமிஷம். வர முப்பத்தாறு.”

“அதென்ன வரும்போது ரெண்டு நிமிஷம் கம்மி?”

“வரும்போது கேக் இல்லையே.”

எகோன் நாற்காலியில் உட்கார்ந்தார். “அந்தக் கேக் எப்படி...”

“அதுக்குப் பெல்ட் போட்டுடுவேன்.”

“அப்ப நாலு வருஷமா நீ என்கிட்ட இந்த டயர் வேண்டாம் வேண்டாம்னு சொன்னது?”

“வேணும்னு சொல்லியிருந்தா வாங்கியிருப்பியா?”

எகோன் நேர்மையான மனிதர். யோசித்துப் பார்த்தார். வாங்கியிருக்க மாட்டார். வட்டம் போட்ட டயரை வாங்கியிருப்பார்; இல்லை, அதிலும் மலிவானதை. அவர் ஆயுளில் எடுத்த ஒரே முடிவு, குளியலறையில் திறந்து வைத்திருந்த ஒரு பக்கத்திலேயே முடிந்துபோயிருந்தது.

“பத்திரிகையை அங்கே போட்டதும் நீதானா?”

“வேற எங்கே போட்டா நீ முழுசாப் படிப்பே?”

பிளம் கொட்டைகள் ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் விழுந்தன. எகோனுக்குத் திடீரென்று பாடகர் சங்கம் ஞாபகம் வந்தது. அத்தனை மரியாதையும், அந்த நனைந்த தொப்பிகளும்.

“ரோஸ்விட்டா... இது சங்கத்துல யாருக்கும்...”

“நான் ஏன் சொல்லப்போறேன்? பந்தயக்காரனோட பெண்டாட்டின்னா ஊர்ல எனக்கும் மதிப்புத்தானே.” ஒரு பிளம் துண்டை அவர் வாயில் ஊட்டினாள். “டாக்டர் அடுத்த மார்ச்சுல ஓட்டலாம்னு சொல்லிட்டார். அதுக்குள்ள இதே அளவுல புதுசா ஒண்ணு வந்திருக்காம். ரப்பர் இன்னும் மெத்துன்னு. ஓபர்லேகிட்ட சொல்லி வெச்சுடு.”

“இப்ப இருக்கறதுலதான் ஏழேகால் இருக்கே!”

“அதை உன் ஆபீசுக்கு வெச்சுக்கோ. வாராவாரம் சக்கரத்தைக் கழட்டி மாட்டறது உனக்கும் நல்ல தேகப்பயிற்சி.”

அப்படியே நடந்தது. அதற்குப் பிறகு ஐந்து கோடைகள் எகோன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான்கு சக்கரங்களைக் கழற்றி நான்கு சக்கரங்களை மாட்டினார். ஞாயிற்றுக்கிழமை மறுபடி கழற்றி மாட்டினார். இவ்வளவு அக்கறையாய்க் காரைப் பார்த்துக்கொள்கிற ஆள் வேகமாகத்தான் போவான் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

அவளுக்காகக் கடைசியாகச் சொல்லிவைத்த டயர்கள் அவள் போன மறுவாரம் வந்தன. ஓபர்லே அவற்றை மாட்டிக் கொடுத்தார். அப்புறம் இரண்டு கோடைகள் ஆகிவிட்டன. எகோன் அதே காரில்தான் தினமும் ஒஃபன்பூர்குக்குப் போய் வருகிறார். டயரில் இன்னும் ஆறரை மில்லிமீட்டர் இருக்கிறது.