அண்டாவில் போன கூட்டாஞ்சோறு

சூடான இரும்பில் சந்தனம் கருகும் வாசனை பாதி கோயில், பாதி வெல்டிங் பட்டறை. போன வாரம் எங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டியில் எப்படியோ சந்தனம் ஒட்டிக்கொண்டு கருகியது. அந்தப் புகைக்குள்ளிருந்து, கையில் டெஸ்டரோடு, வோல்டேஜ் அண்ணன் என் நினைவில் எழுந்து வந்தார்.

சும்மா கிடக்கும் மெஷினைப் பார்த்து அவரளவுக்குத் துக்கப்பட்ட மனிதர் இந்தப் பூமியில் இன்னும் பிறக்கவில்லை. சின்னாளப்பட்டியில் எங்கள் தெருமுனையில் மிக்ஸி, கிரைண்டர், ஸ்டெபிலைசர் பழுது பார்ப்பவர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். ஆளில்லாத அறையில் மின்விசிறி ஓடினால் அணைக்க மாட்டார்; போய் அதன் கீழே உட்கார்ந்துகொள்வார். "ஓடுறத வீணடிக்கக் கூடாதுல்ல அப்பு."

அப்படிப்பட்டவர் ஒருநாள் செல்போனில் ஒரு சேதி படித்துவிட்டார். மருந்து ஆராய்ச்சிக்கான ராட்சசக் கணக்கைத் துண்டு துண்டாக்கி உலகம் முழுக்க அனுப்புகிறார்களாம். யார் வீட்டுக் கணினி சும்மா இருக்கிறதோ அது ஒரு துண்டைப் போட்டுத் திருப்பி அனுப்பலாமாம், இலவச சேவையாக. அவ்வளவுதான். வீடு வீடாகப் படியேறினார்.

"பரண்ல கம்ப்யூட்டரு சும்மாத்தான கெடக்கு? குடுங்க. அதுக்கு ஒரு நல்ல எடமாப் பாத்து வச்சிருக்கேன்" என்று, வரன் கொண்டுவந்தவர் போலக் கேட்டார்.

ஒரு வீடு மதர்போர்டு கொடுத்தது, ஒரு வீடு ராம் கொடுத்தது. மூடிப்போன பிரவுசிங் சென்டர் ஒரு மானிட்டர் கொடுத்தது. அதில் எல்லாமே பச்சையாகத் தெரியும். பெட்டிதான் யாரிடமும் இல்லை. எவர்சில்வர் தட்டு ஸ்டாண்டு ஒன்றைப் பிடித்து, தட்டு நிற்கும் இடத்திலெல்லாம் மதர்போர்டுகளை நிறுத்திவிட்டார். தெரு அதற்குக் 'கூட்டாஞ்சோறு' என்று பெயர் வைத்தது.

நானும் என் பழைய லேப்டாப்பைக் கொடுத்தேன். மறுநாள் காலை பல்கூட விளக்காமல் ஓடினேன்.

"அண்ணே, அதுல என் கவிதையெல்லாம் இருந்துச்சே!"

"ஓ, அந்த மடக்கி மடக்கி எழுதுனதா? எடம் பத்தல அப்பு. அழிச்சுட்டேன்."

கூட்டாஞ்சோற்றுக்குக் கிடைத்த இடம் தெருச் சங்கத்தின் பின்னறை. அங்கே குடியிருந்தவை திருவிழா அண்டாக்கள். அவை சங்கத் தலைவரின் உபயம். பூ கமிஷன் கடைக்காரரான அவர், ஒவ்வொரு அண்டாவிலும் தன் பெயரைப் பொறித்திருந்தார். அண்டாக்கள் வராண்டாவுக்குத் தள்ளப்பட்டதும் கூட்டம் போட்டுவிட்டார்.

வோல்டேஜ் எழுந்து, உடம்புக்குள் புரதம் எப்படி மடிகிறது என்று கண்டுபிடிப்பதே வேலை என்றார்.

சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் செல்வமேரி அக்கா கேட்டாள்: "மடிக்கிறதுக்கு எதுக்குண்ணே மெஷினு? குடுங்க, நானே மடிச்சுத் தாரேன்."

"ஏம்மா, நீ முடிச்சுப் போடுறப்பவே சேலையில பூ தெரியுதா?"

"எப்படித் தெரியும்? சாயத்துல முக்கி, முடிச்ச அவுத்தாத்தான் தெரியும்."

"அதேதான். நாம முடிச்சு மட்டும் போடுறோம். அவுக்கிறவன் எங்கயோ இருக்கான்."

அக்காவுக்குப் புரிந்தது. தலைவருக்குப் புரியவில்லை. "முடிச்சு கிடிச்செல்லாம் இருக்கட்டும். வெள்ளிக்கிழம நாலு மணிதான மொதத் துண்டுக்குக் கெடு? அதுக்குள்ள அது போயிச் சேரணும். இல்லேன்னா என் அண்டா உள்ள வரும், ஒன் கூட்டாஞ்சோறு வெளிய போகும்."

புதன்கிழமை வோல்டேஜ் ஒவ்வொரு பிராசஸர் மேலும் ஒரு பசையைத் தடவிக்கொண்டிருந்தார். தலைவர் எட்டிப் பார்த்தார். "என்னப்பா தடவுற?"

"சூடு ஏறாம இருக்கத் தலைவரே. சந்தனம் மாதிரின்னு வச்சுக்கங்க."

தலைவர் கறாரான ஆள், ஆனால் கல் மனசுக்காரர் இல்லை. வியாழக்கிழமை குளித்து முழுகி வந்தவர், 'பாவம், சீக்கிரம் முடியட்டும்' என்று அசல் சந்தனத்தைக் குழைத்து எல்லா மதர்போர்டுக்கும் வஞ்சனையில்லாமல் பூசிவிட்டார். பத்தாததற்குக் குங்குமம் வேறு. புகை தெருமுனை வரை வந்தது. மூடி சாத்தியிருந்த என் லேப்டாப் மட்டும் நெற்றிப் பொட்டோடு தப்பியது.

வோல்டேஜ் திட்டவில்லை. தட்டு ஸ்டாண்டுக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு போர்டாகத் துடைத்தார். அதற்குப் பதில் திட்டியே இருக்கலாம்.

நல்லவேளை, முதல் துண்டு ஓடிக்கொண்டிருந்தது அந்த லேப்டாப்பில்தான். வெள்ளிக்கிழமை காலை இன்னும் சில மணி நேர வேலை பாக்கி. அன்றைக்கென்று மாதாந்திரப் பராமரிப்பு. ஒன்பதிலிருந்து ஐந்து வரை ஊருக்கே கரண்ட் கிடையாது. லேப்டாப் பேட்டரியோ ஒரு தும்மல் நேரம் தாங்கும்.

"போச்சு அப்பு" என்றார் வோல்டேஜ்.

அப்போது வராண்டாவில் இடி உருளும் சத்தம். தலைவர் தன் பெரிய அண்டாவை உருட்டிக்கொண்டு வந்தார். "என் வீட்டு இன்வெர்ட்டர பேட்டரியோட இதுக்குள்ள எறக்குங்கப்பா, குலுங்காது. பழைய பேட்டரி, ஒரு மணி நேரந்தான் தாங்கும்; போய்ச் சேர அது போதும். லேப்டாப்ப மேல வையி. திண்டுக்கல்லுல கரண்டு இருக்கு. ஏறு வண்டியில!"

அவருடைய டிரைவர் ஓட்ட, பூ ஏற்றும் குட்டியானை வண்டியில் அண்டாவைச் சுற்றி வோல்டேஜ், தலைவர், செல்வமேரி அக்கா, நான் என நால்வரும் உட்கார்ந்தோம். கண்ணில் பட்ட முதல் பிரியாணிக் கடையில் அண்டாவோடு நுழைந்தோம்.

கடைக்காரர் மிரண்டுபோனார். "ஏண்ணே, எங்க கடைக்கே பிரியாணி கொண்டாந்துட்டீகளா?"

கல்லாவுக்குப் பக்கத்தில் பிளக் கிடைத்தது. செல்வமேரி அக்காவின் போனில் நெட் கிடைத்தது. தின்று முடித்தால் கடைக்காரர் எங்களை எழுப்பிவிடுவாரே என்று பிரியாணியை ஒவ்வொரு பருக்கையாகத் தின்றோம். நாலு மணிக்குச் சற்று முன்னால் திரையில் ஒரே ஒரு வரி வந்தது: துண்டு போய்ச் சேர்ந்துவிட்டது. வோல்டேஜ் கைதட்டினார்.

"ரிசல்ட்டாண்ணே? பொண்ணு பாஸா?" என்றார் கடைக்காரர்.

"மருந்து கண்டுபிடிச்சாச்சாப்பா?" என்றார் தலைவர்.

"ஒரு முடிச்சுப் போட்டாச்சு தலைவரே."

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிரியாணியில் காரம் ஜாஸ்தி என்றார். அண்டாக்கள் அதற்குப் பிறகு உள்ளே வரவேயில்லை. தெரு மறுபடி பரண் ஏறி போர்டுகளை இறக்கியது.

போன வருடம் வோல்டேஜ் அண்ணன் மகள் வீட்டோடு இருக்க ஓசூர் கிளம்பினார். பின்னறைச் சாவி செல்வமேரி அக்காவுக்கு. திண்டுக்கல் ஸ்டேஷனில் ரயில் அசைந்தபோது, வாசலில் நின்றபடி என் உள்ளங்கையில் ஒரு பென்டிரைவைத் திணித்தார்.

"என்னண்ணே இது?"

"ஒன் கவிதைதான். அழிச்சுட்டேன்னு சும்மா சொன்னேன் அப்பு. படிச்சுப் பாத்தேன், ஒரு எழவும் புரியல. ஆனா சும்மா கெடக்க விடாத, அனுப்பி வையி. அவுக்கிறவன் எங்கயாச்சும் இருப்பான்."