காலிப் பெட்டிக்குள் ஊத்தங்கரைக் காற்று

சூளகிரி

அன்பும் மரியாதையும் மிகுந்த சம்பந்தி நாராயணப்பன் அவர்களுக்கு, மாதேஸ்வரன் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கு யாவரும் நலம். நீங்களும் லட்சுமியம்மாள் அவர்களும் நலமென்றும், என்மேல் உங்களுக்குள்ள கோபம் அதைவிட நலமென்றும் உங்கள் மருமகளான என் மகள் ரேவதி சொன்னாள். போன் செய்தால் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது. ஆகவே தபால்.

என் மகன் ஹரீஷ்குமாரின் புதுமனைப் புகுவிழாவுக்கு நீங்கள் வரப்போவதில்லையாம். நீங்கள் வராமல் பால் காய்ச்ச மாட்டேன் என்கிறான் அவன். "ரிட்டையராகி சும்மாதானப்பா இருக்கீங்க, என் கம்பெனிக்கு மரப்பெட்டி வாங்கற வேலையப் பாருங்க" என்று என்னை இதில் இழுத்துவிட்டவனும் அவனே. உங்கள் ஊத்தங்கரைப் பட்டறைப் பெட்டி மலிவு, உறுதி, மறுக்கவில்லை. ஆனால் ஒரு பொருளின் விலை என்பது அது நம் வாசலில் இறங்கும்போது உள்ள விலை. உதாரணமாக, ஊத்தங்கரைச் சந்தையில் தேங்காய் மலிவு என்று ஒரே ஒரு தேங்காய்க்காக நான் பஸ் ஏறி வந்தால், அந்தச் சட்னியை நகைக்கடையில்தான் வைக்க வேண்டும். காலிப் பெட்டி அதைவிட மோசம். எடையே இருக்காது, லாரி நிறைந்துவிடும். அதனால்தான், "ஊத்தங்கரைக் காத்துக்கு நாங்க வாடகை குடுக்கறதா சம்பந்தி?" என்றேன். நான் கணக்கு வாத்தியாராகக் கேட்டேன். நீங்கள் சம்பந்தியாகக் கேட்டுக்கொண்டீர்கள்.

ஆகவே எல்லை தாண்டியதும் இருக்கும் அத்திப்பள்ளியில் வெங்கடப்பன் என்ற வியாபாரியைப் பிடித்தேன். பெட்டி விலை கூடுதல், ஆனால் பக்கத்தூர். கர்நாடகக்காரராயிற்றே என்று என் கன்னடத்தைத் தூசு தட்டி எடுத்து, லாரி வாடகை சேர்த்துத்தானா என்ற பொருளில் "பாடிகெ சேரி?" என்றேன். அவர் "செரி, செரி" என்றார். 'சேர்த்துத்தான், சேர்த்துத்தான்' என்று கன்னடத்தில் சொல்கிறார் என மகிழ்ந்து ஆர்டர் கொடுத்தேன். இன்னிக்குக் காலைல பில் வருது, அடியில லாரி வாடகை தனியா நிக்குது, அதுவும் அத்திப்பள்ளிக்கும் சூளகிரிக்கும் நடுவுல மலை ஏதும் முளைச்சிடுச்சான்னு கேக்கற அளவுக்கு! போன் போட்டேன். "சார், நான் தருமபுரிக்காரன். வாடகைய பில்லுல சேருன்னீங்க, செரின்னேன். தமிழனுக்குத் தமிழன் எதுக்கு சார் கன்னடம்?" என்கிறார். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளைகளைப் பெஞ்சுமேல் ஏற்றியவன் நான்!

இருந்தாலும் பக்கத்தூர் பக்கத்தூர்தான். குறை உங்கள் பெட்டியில் இல்லை, தூரத்தில்தான். கோபத்தை இறக்கி வைத்துவிட்டு விழாவுக்கு வாருங்கள்.

மாப்பிள்ளை திருமலைக்கும் ரேவதிக்கும் எங்கள் ஆசிகள். லட்சுமியம்மாள் அவர்களை என் மனைவி மிகவும் விசாரித்தாள்.

இப்படிக்கு,
தங்கள் வருகையை நம்பிப் பந்தல்காரரிடம் பேசிவிட்ட
மாதேஸ்வரன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது லாரி வந்துவிட்டது. ஒவ்வொரு பெட்டியிலும் மஞ்சள் பெயிண்டில் 'நா'. உங்கள் பட்டறை முத்திரை! டிரைவரைக் கேட்டால், "ஊத்தங்கரைல ஏத்துனதுதான் சார். காலைல உங்க கேட்டுக்கு எதிர்லதான் டீ குடிச்சேன். அத்திப்பள்ளி போயி பில்லு மாத்திட்டு வந்துதான் எறக்கணும்னாரு வெங்கடப்பன்" என்கிறார். மேலே நான் எழுதிய அத்தனையையும் தயவுசெய்து அடித்துவிடுங்கள். உங்கள் ஊர்க் காற்று எங்கள் வாசலைத் தாண்டிப்போய்க் கர்நாடகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறது. போக வர வாடகை என்னுடையது. அடுத்த லோடு உங்களிடமே. விழாவுக்கு வரும்போது நீங்களாவது அத்திப்பள்ளி வரை போகாமல் சூளகிரியிலேயே இறங்கிவிடுங்கள்.