‘அவர்களே’ இல்லாத பேச்சாளர்

தாம்பரத்தில் ஒரு பேச்சாளர் தான் நினைத்ததையெல்லாம் பேசி முடித்து, தானாகவே உட்கார்ந்தார் என்றால், அந்தக் கூட்டத்துக்கு ‘டிரங்க்கால் அக்கா’ வரவில்லை என்று பொருள்.

வேலைக்குப் போகும் மகளிர் விடுதியில் எனக்கு அடுத்த கட்டில் அக்காவுடையது. தொலைபேசி நிலையத்தில் டிரங்க்கால், அதாவது வெளியூர் அழைப்புகளை, இணைத்துக் கொடுக்கும் வேலை. மூன்று நிமிடம் ஆனதும் குறுக்கே புகுந்து அறிவிப்பது அவர் தொழில். அந்தத் தொழிலை அவர் வாசலில் செருப்போடு கழற்றி வைத்ததே இல்லை. தன்னைப் பெண் பார்க்க வந்தவரிடமே, “த்ரீ மினிட்ஸ் சார், எக்ஸ்டெண்ட் பண்ணட்டுமா?” என்று கேட்டாராம். வந்தவர் எக்ஸ்டெண்ட் செய்யவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அக்கம்பக்கத்து விடுதிகள் சேர்ந்து பெண்கல்வி மாநாடு நடத்தின. பேச்சாளரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை, யாரோ தூக்கக் கலக்கத்தில், அக்காவிடம் கொடுத்துவிட்டார்கள்.

முதலில் சேலையூரிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வந்து பேசிக் காட்டினார். “பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, காப்பாளர் அவர்களே” என்று தொடங்கி, வாட்ச்மேன் அவர்களே வரை வந்தபோது அக்கா கையை உயர்த்தினார்.

“சார், இன்னும் ‘அவர்களே’தான் வந்துட்டிருக்கு. விஷயம் லைன்லயே வரலை. வச்சுடட்டுமா?”

அடுத்து வந்த டாக்டரம்மா “சுருக்கமா சொல்றேன்” என்பதையே விரிவாகச் சொன்னார். அந்த லைனும் கட்.

மாநாட்டுக்கு முந்தைய நாள் வரை ஆள் கிடைக்கவில்லை. அன்று மெஸ்ஸில் நான் கத்திக்கொண்டிருந்தேன். “மாஸ்டர், இது ரசமா, டம்ளர் கழுவின தண்ணியா? நாளைக்குப் புளியைக் கண்ணுல காட்டுங்க. இல்லேன்னா ரசம்னு பேர் சொல்லாதீங்க!”

அக்கா கைக்கடிகாரத்திலிருந்து நிமிர்ந்தார். “ஒரு ‘அவர்களே’ இல்ல. மாஸ்டருக்கும் புரிஞ்சுடுச்சு. இவதான் ஸ்பீக்கர்!”

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதை எழுதும்போதும் சற்று நிமிர்ந்துதான் உட்கார்ந்திருக்கிறேன். நான் மேடையில் பேசுவதை அம்மா பார்த்தே ஆகவேண்டும் என்று கீழ்க்கட்டளை வீட்டுக்குச் சொல்லி அனுப்பினேன். சித்தாள் வேலை முடிந்ததும் ஓடி வருகிறேன் என்றாள்.

என் முறை வந்தது. அம்மா வரவில்லை. வாசலைப் பார்த்தபடியே பேசினேன். சிமெண்ட் அப்பிய புடவையோடு அவள் உள்ளே நுழையவும், முன்வரிசையில் அக்கா எழுந்திருக்கவும் சரியாக இருந்தது.

“த்ரீ மினிட்ஸ்!”

அம்மாவுக்கு மைக் தேவைப்படவில்லை. “யம்மா, குந்து! அது எம் பொண்ணு. பஸ்ஸு கெடைக்காம இப்பத்தான் ஓடியாறேன். பேசிக்கினு கீதுல்ல, நடுவுல உனுக்கு இன்னா பேஜாரு?”

அரங்கம் கொல்லென்று சிரித்தது. அக்காவைப் பார்த்து ‘குந்து’ என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. அவர் அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். குந்தினார்.

“முதல்லேருந்து பேசும்மா,” என்றார்.

பேசினேன். அம்மாவுக்காக, ஒரு சொல் விடாமல்.

கூட்டம் முடிந்து அம்மாவை பஸ் ஏற்ற அக்காவும் கூடவே வந்தார். நான் விடியலில் எழுந்து படிப்பது, ஆபீஸில் நல்ல பெயர் வாங்கியது, ரசத்துக்காகப் போராடியது எல்லாவற்றையும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். கீழ்க்கட்டளை பஸ் ஒன்று போனது. பின்னாலேயே இன்னொன்றும் போனது.

அக்கா இன்னும் என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.