மேட்டுப் பாதையின் பெஞ்சு

ஸ்கார்விக் மக்கள் நலமாக இல்லை என்பது ஒரு மார்ச் மாதம் நகராட்சிக்குத் தெரியவந்தது. அதுவரை அந்த விஷயம் ஸ்கார்விக் மக்களுக்கே தெரியாது. நகராட்சி அலுவலகம் ஃபியோர்டு என்னும் கடற்கழிக்கு அக்கரையில் இருந்தது. அங்கே கண்டுபிடிக்கப்படும் எதுவும் படகேறித்தான் ஊருக்கு வர வேண்டும். இதுவும் அப்படித்தான், முதுகில் ஒரு பையும் கையில் சுருட்டிய தாள்களுமாக, மக்கள்நல ஒருங்கிணைப்பாளர் இங்வில்லின் உருவத்தில் வந்து இறங்கியது.

நார்வே நாட்டுச் சராசரி மனிதர் நடப்பதைவிட ஸ்கார்விக் மனிதர் குறைவாக நடக்கிறாராம்.

இதைக் கேட்டதும் குன்வோருக்கு மனம் உறுத்தியது. சராசரியைக் கீழே இழுத்ததில் தன் பங்கு கணிசமாக இருக்கும் என்று அவள் நினைத்தாள். எண்பதை நெருங்கும் வயது. குளிர்காலத்தில் பனியில் வழுக்கி விழுந்து இடுப்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவள். அவள் வீடு கீழே படகுத்துறைக்குப் பக்கத்தில். கடை மேட்டின் உச்சியில். நடுவில் செங்குத்தான பாதை. பாதையின் பாதியில் ஒரு பச்சை பெஞ்சு.

அந்தப் பெஞ்சில்தான் அவளுடைய மிச்ச வாழ்க்கை உட்கார்ந்திருந்தது. முதியோர் பராமரிப்புப் பிரிவிலிருந்து வந்த ரூனே என்ற இளைஞன் அதைத் தெளிவாகவே சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"குன்வோர், கடைக்குப் போயிட்டு நீங்களா திரும்பி வர முடிஞ்சா இந்த வீட்டுலயே இருக்கலாம். முடியலைன்னா அக்கரையில இல்லத்துல உங்களுக்கு ரூம் தயாரா இருக்கு. இலையுதிர் காலத்துல வந்து பார்ப்பேன்."

"ரூம்ல ஜன்னல் இருக்கா?"

"இருக்கே. கார் நிறுத்துற இடம் நல்லா தெரியும்."

"அப்ப நான் நடந்துக்கிறேன்."

நடந்தாள். பெஞ்சு வரை ஒரு மூச்சு. அங்கே உட்கார்ந்து, தோழி டோர்டிஸோடு ஊர்வம்பு முழுவதையும் பேசி முடித்து, உச்சி வரை இன்னொரு மூச்சு. திரும்பி வரும்போதும் அப்படியே.

இங்வில் நல்ல பெண். திட்டமிடுதலை முறையாகப் படித்தவள். மேலிருந்து எதையும் மக்கள்மீது திணிக்கக் கூடாது, அவர்களுடைய தேவையை அவர்களிடமே கேட்டறிய வேண்டும் என்பது அவள் படிப்பின் சாரம். எனவே ஊர்மன்றத்தில் கூட்டம் போட்டு, ஆளுக்கொரு மஞ்சள் சீட்டு கொடுத்து, "நீங்கள் அதிகமாக நடக்க என்ன தேவை?" என்று கேட்டாள். மக்கள் எழுதினார்கள். சீட்டுகளைச் சுவரில் ஒட்டியபோது கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் ஒரே சொல்தான் இருந்தது: பெஞ்சு.

இங்வில் அவற்றை ஒவ்வொன்றாகப் படித்தாள். பிறகு எல்லாச் சீட்டுகளையும் உரித்து, "தடைகள்" என்ற தலைப்பின் கீழ் ஒட்டினாள்.

"ஏம்மா," என்றாள் குன்வோர். "இன்னொரு பெஞ்சு வேணும்னுதானே எல்லாரும் எழுதினோம்?"

"அதேதான் குன்வோர்! எவ்வளவு ஆழமா போயிருக்கு பாருங்க. நடக்கிறதைப் பத்திக் கேட்டா, ஊர்ல ஒருத்தர் பாக்கியில்லாம உக்காரறதைப் பத்தி எழுதியிருக்கீங்க. உங்க மனசே பெஞ்சுல உக்காந்திருக்கு."

"நடக்கிறதுக்குத்தானேம்மா அந்தப் பெஞ்சே."

"பெஞ்சுல யாராவது நடந்து பார்த்திருக்கீங்களா?"

குன்வோர் யோசித்துப் பார்த்தாள். பார்த்ததில்லை.

ஆகவே, சமூகப் பங்கேற்புடன் கூடிய நடை ஊக்குவிப்புத் திட்டத்தின் முதற்கட்டமாக, மேட்டுப் பாதையிலுள்ள அமர்விடத்தை அகற்றுவது என்று முன்மொழியப்பட்டது. "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று இங்வில் மூன்று திசையிலும் பார்த்துக் கேட்டாள்.

இங்கே ஸ்கார்விக்கின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த ஊரில் யார் ஆட்சேபணை சொன்னாலும், அவருடைய ஆர்வத்தைப் பாராட்டி அவரை உடனே அந்தக் குழுவின் உறுப்பினராக்கிவிடுவார்கள். அப்படி உறுப்பினரானவர்கள் மாதம் இரண்டு முறை அக்கரைக்குப் போய் வருவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அதனால் மன்றத்துக்குள்ளே யாரும் எதையும் எதிர்ப்பதில்லை. எதிர்ப்பெல்லாம் கூட்டம் முடிந்து வெளியே, கார்களுக்குப் பக்கத்தில், காரடியில்தான். மேலும், சமையலறையிலிருந்து வாஃபிள் அப்பங்கள் சூடாக வந்துகொண்டிருந்தன.

குன்வோர் கையைத் தூக்கினாள். எட்டத்தில் இருந்த ஜாம் கிண்ணத்தைக் கேட்கத் தூக்கிய கை அது. ஆதரவாளர் கணக்கில் சேர்ந்தது. அதைப் பார்த்து மற்றவர்களும் தூக்கினார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

"அநியாயம்டி இது," என்றாள் டோர்டிஸ், காரடியில்.

"உள்ளே சொல்லியிருக்கலாமே?"

"உன் கையைப் பார்த்துட்டுத்தானே நானும் தூக்கினேன்!"

மே மாதம் நகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மேடு ஏறிய களைப்பில் முதலில் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பிறகு அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய், மக்கள்நலப் பிரிவின் வாசலில் காத்திருப்போர் உட்காரும்படி போட்டார்கள். பெஞ்சு இருந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கம்பம் நட்டார்கள். அதில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. கடந்து போகும் கால்களை அது எண்ணும். எண்ணிக்கை நேராக அக்கரைக்குப் போய்விடும்.

கோடை முழுவதும் அந்த விளக்குக்கு வேலையே இல்லை. உட்கார இடமில்லாத மேட்டில் ஏற டோர்டிஸுக்குப் பைத்தியமா? அவள் காரை எடுத்தாள். மற்றவர்களும் எடுத்தார்கள். குன்வோர் மட்டும் தினமும் முயன்றாள். கம்பம் வரை போவாள், அதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், மூச்சு திரும்பாது, இறங்கிவிடுவாள். இலையுதிர் காலம் வந்துகொண்டிருந்தது. இரவில் படுத்தால் கண்ணுக்குள் வரிசையாகக் கார்கள் நின்றன.

செப்டம்பரில் ஹால்வர் தன் செம்மறிகளை மலையிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தான். அவனுடைய பட்டி உச்சியில் இருந்தது. மேய்ச்சல் நிலம் கீழே கரையோரம். கடற்பாசி என்றால் அந்த ஆடுகளுக்கு உயிர். காலையில் மந்தை மொத்தமும் இறங்கும், மாலையில் மொத்தமும் ஏறும். நான்கு நான்கு கால்களாக, கம்பத்தைத் தாண்டி.

அக்கரையில் இங்வில் கண்ணீர் விட்டாள் என்று சொல்கிறார்கள்.

மாவட்டத்தின் நலமிக்க ஊர் என்ற விருது அந்த ஆண்டு ஸ்கார்விக்குக் கிடைத்தது. பரிசாக, ஒழுகிக்கொண்டிருந்த ஊர்மன்றத்துக்குப் புதுக் கூரை போட்டுத் தந்தார்கள். விழாவில் மாவட்ட அதிகாரி உணர்ச்சிவசப்பட்டார். "சாதாரண ஸ்கார்விக் குடிமகன் ஒருவர் இந்த மேட்டில் தினமும் எட்டு முறை ஏறி இறங்குகிறார்! அதுவும் விடியற்காலையில், கூட்டங்கூட்டமாக!" என்றார்.

எல்லோரும் ஹால்வரைப் பார்த்தார்கள். ஹால்வர் தன் வாஃபிளைப் பார்த்தான். அதன்மேல் பழுப்புச் சீஸைச் சீராகப் பரப்பினான்.

"யாராவது ஏதாவது சொல்ல விரும்புறீங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

புதுக் கூரையின்மீது மழை பெய்தது. ஒரு சொட்டு உள்ளே விழவில்லை.

அந்த வாரமே ரூனே தொலைபேசியில் கூப்பிட்டான். "குன்வோர், உங்களைச் சோதிக்க நான் வரல. உங்க ஊர்ல நடக்க முடியாதவங்க யாருமே இல்லைன்னு புள்ளிவிவரம் சொல்லுது. வாழ்த்துகள்."

எனக்குப் பாதி மேட்டுக்கு மேல் ஏற முடியவில்லையப்பா என்று சொல்ல அவளுக்கு வாய் வரை வந்தது. அதற்குள் கார் நிறுத்துமிடம் கண்முன்னே வந்துவிட்டது. "ஆமா ரூனே. நல்லாத்தான் நடக்கிறோம்," என்றாள்.

நவம்பரில் ஹால்வர் குளிர்காலத்துக்காக ஆடுகளைக் கொட்டகையில் அடைத்தான். ஸ்கார்விக்கின் ஆரோக்கியம் ஒரே நாளில் சரிந்தது. ரூனே மறுபடி கூப்பிட்டான்: கணக்கில் ஏதோ சரிவு தெரிகிறது, டிசம்பரில் வந்து பார்க்கிறேன். குன்வோர் டோர்டிஸின் காரில் ஹால்வரின் கொட்டகைக்குப் போனாள்.

"ஹால்வர், உன் ஆடு நடக்கலைன்னா நான் அக்கரைக்குப் போகணும்."

"என் ஆடு நடந்தா?"

"நான் வீட்டுல இருப்பேன்."

ஹால்வர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "இதுல ஏதோ ஒண்ணு இடிக்குதே."

"இடிக்கும். கூரையையும் திருப்பிக் கேப்பாங்களோன்னுதான் டோர்டிஸ் பயப்படுறா."

தொப்பி தலைக்குத் திரும்பியது. "என்னைக்கு ஆரம்பிக்கலாம்?"

ஊர் கூடிக் கூலியில்லாமல் செய்யும் பொதுவேலைக்கு வரமாட்டேன் என்று சொன்னவர் ஸ்கார்விக்கில் இதுவரை யாரும் இல்லை. காரடியில் முறை வைத்துக்கொண்டார்கள். உச்சியில் ஒருவர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து தீவன வாளியை ஆட்டுவார். ஆடுகள் ஓடி ஏறும். கீழே இன்னொருவர் ஹீட்டர் போட்ட காருக்குள் உட்கார்ந்தபடி ஜன்னல் வழியாக வாளியை ஆட்டுவார். ஆடுகள் ஓடி இறங்கும். மேட்டில் நடக்க வேண்டிய அவசியம் மனிதர் எவருக்கும் நேரவில்லை. எண்ணிக்கை செப்டம்பரையும் தாண்டியது. பக்கத்து ஊர்களில் 'ஸ்கார்விக் முறை'யைப் பின்பற்றிப் பெஞ்சுகளைக் கழற்ற ஆரம்பித்தார்கள்.

ஆடுகளுக்குத்தான் மூச்சு வாங்கியது. படகில் வந்த யாரோ ஒருவர் அதைப் பார்த்துப் புகார் கொடுத்துவிட்டார். கால்நடைத் துறையிலிருந்து எஸ்பன் என்ற அதிகாரி வந்து, மேட்டை ஏறிப் பார்த்து, கொதித்துப்போனார்.

"இவ்வளவு செங்குத்தா இருக்கு! நடுவுல உக்காந்து ஓய்வெடுக்க ஓர் இடம் இல்லையா? இதெல்லாம் உயிர் இல்லையா?"

"முன்னே ஒண்ணு இருந்துச்சு தம்பி," என்றாள் குன்வோர். கார் ஜன்னலிலிருந்து வாளியை ஆட்டும் முறை அன்று அவளுடையது.

"யார் எடுத்தது?"

"நாங்கதான். கை தூக்கி."

மேற்படி மேட்டின் நடுவே கூரையும் காற்றுத் தடுப்பும் உலர்ந்த பலகையும் கொண்ட ஓய்விடம் ஒன்றை உடனே அமைத்துத் தருமாறு நகராட்சிக்கு உத்தரவு போனது. அடுத்த படகில் இங்வில் வந்தாள். ஆடுகளைப் பார்த்தாள். ஆடுகள் அவளைப் பார்த்தன. அவள் முகத்தில் நிறம் போய், மெல்லத் திரும்பி வந்தது.

"திட்டத்துல 'பயனாளிகள்'னுதான் எழுதியிருக்கேன்," என்றாள் கடைசியில். "மனுஷங்கன்னு எங்கேயும் எழுதலை."

"கெட்டிக்காரிம்மா நீ," என்றாள் டோர்டிஸ்.

அவசரத்துக்குப் பலகை கிடைக்கவில்லை. ஆகவே மக்கள்நலப் பிரிவின் வாசலில் கிடந்த பச்சை பெஞ்சையே, முன்பு கழற்றிய அதே இரண்டு பேர் கொண்டுவந்து பொருத்தினார்கள். பொருத்தியதும் அதில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மேலே கூரை, மூன்று பக்கம் தடுப்பு, முகப்பில் ஓர் அறிவிப்புப் பலகை: ஆடுகளுக்கு மட்டும்.

மறுநாள் காலை குன்வோர் கம்பம் வரை நடந்தாள். இரண்டு ஆடுகளைத் தள்ளிவிட்டு நடுவில் உட்கார்ந்தாள். கம்பளி இரண்டு பக்கமும் கதகதவென்று இருந்தது. மூச்சு திரும்பியது. எழுந்து உச்சி வரை போய், காப்பித்தூளும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு வந்தாள். மே மாதத்துக்குப் பிறகு அவள் தன் காலால் கடைக்குப் போய்வந்தது அன்றுதான்.

உத்தரவு நிறைவேறியதா என்று சரிபார்க்க எஸ்பன் வந்தபோது, அவள் ஆடுகளுக்கு நடுவே ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.

"நீங்க இங்கே உக்காரக் கூடாதே," என்றார் அவர் மிகுந்த சங்கடத்துடன்.

"தெரியும் தம்பி."

"மனுஷங்க உக்காந்தா இது அமர்விடம் ஆயிடும். அமர்விடம்னா நகராட்சித் தீர்மானப்படி எடுத்தாகணும். எடுத்தா ஆடுகளுக்கு ஓய்விடம் இருக்காது. இல்லைன்னா என் உத்தரவு மீறப்பட்டதா ஆகும்."

"அப்ப என்ன பண்ணலாம்?"

எஸ்பன் நேர்மையான அதிகாரி. எல்லா விதிகளையும் மனதுக்குள் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். எந்த விதியும் மீறப்படாத வழி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கைப்பேசியை வாயருகே கொண்டுபோய்ப் பதிவு செய்தார்: "வயது முதிர்ந்த பெண்ணாடு ஒன்று. பின்னங்கால் சற்றுப் பலவீனம். மந்தையோடு ஒத்துப்போகிறது. பிரித்தால் தீனி எடுக்காது. இடமாற்றம் செய்யக் கூடாது."

குன்வோர் ரொட்டியை மெல்வதை நிறுத்தினாள்.

"கடைசியா சொன்னதை இன்னொரு தடவை சொல்லு தம்பி."

"இடமாற்றம் செய்யக் கூடாது."

"அதுல ஒரு நகல் ரூனேக்கு அனுப்ப முடியுமா?"

அனுப்பினார். அரசாங்கத் தடை இருக்கும் ஓர் உயிரை அக்கரைக்குக் கொண்டுபோக ரூனேவுக்கு அதிகாரம் இல்லை. டிசம்பரில் அவன் வரவில்லை.

செய்தி காரடியில் பரவியது. அடுத்த வாரம் டோர்டிஸ் காரை வீட்டில் விட்டுவிட்டு மேடேறி வந்து, குன்வோருக்குப் பக்கத்தில் தன்னையும் ஓர் ஆடாகப் பதிவு செய்துகொண்டாள். அதற்கடுத்த வாரம் முழங்கால் வலிக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். புத்தாண்டுக்குப் பிறகு ஒரு நாள் இங்வில்லும் மூச்சிரைக்க ஏறி வந்தாள். ஊர் இவ்வளவு நலமாக இருக்கும்போது மக்கள்நல ஒருங்கிணைப்பாளர் எதற்கு என்று அவளுடைய பதவியை எடுத்துவிட்டார்களாம்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன்," என்றாள்.

டோர்டிஸ் மூன்று பக்கமும் பார்த்தாள். "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

யாருக்கும் இல்லை. நெருக்கியடித்து இடம் கொடுத்தார்கள். உட்கார இடம் கிடைக்காத ஹால்வரின் ஆடுகள் எல்லாம் வெளியே மழையில் நின்றுகொண்டிருந்தன. அவையும் எதிர்ப்பு எதுவும் தெரிவிக்கவில்லை. என்ன இருந்தாலும் அவையும் ஸ்கார்விக்காரர்கள்தானே.